வெறும் வண்டி எடை

எடைமேடை அதேதான்.
மின்விசிறியின் கிறீச்சும் அதே.
இருபத்திரண்டு வருஷம்
வெளியே போகிற பக்கத்து ஜன்னலில் இருந்தேன்.
இப்போது நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

அப்போது 'பொருள்' கட்டத்தில்
ஒரே சொல்தான்: கல்.
அதற்குக் கீழே 'மேற்படி', 'மேற்படி' என்று
கை ஓய்ந்த ரிஜிஸ்டர்கள்
பின்னறையில் கரையானுக்குக் கிடக்கின்றன.
குழி எத்தனை ஆழமென்று
எட்டிப் பார்க்க வேண்டியதில்லை எனக்கு.
கூட்டிப் பார்த்தால் போதும்.

இப்போது உள்ளே வருகிறது
நயினார்குளம் மார்க்கெட்டில் விலைபோகாத முட்டைக்கோஸ்,
வைகாசி முகூர்த்தத்தின் எச்சிலிலைகள்
ஓரத்தில் காய்ந்த பாயசத்தோடு,
அழுகின கேந்திப்பூ, களக்காட்டு வாழைத்தண்டு,
தென்னைநார்த் தூள், ஆட்டுப்புழுக்கை.
கங்கைகொண்டான் ரோட்டில் போகிறவர்கள்
மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறார்கள்.
கல் போனபோது யாரும்
எதையும் பொத்தவில்லை.

முதல் வருஷம் அவசரப்பட்டார்கள்.
வேகாததைக் கொட்டி, கன்று வைத்து,
நானூறு வேம்பும் சூட்டில் கருகின.
மிச்சத்தை ஐப்பசி மழை வழித்துக்கொண்டுபோய்
குழித்தண்ணீரில் கரைத்தது.
பச்சையாய், யாருக்கும் ஆகாத தண்ணீர்.

அப்புறம்தான் நஸ்ரின் வந்தாள், மேலப்பாளையத்துக்காரி.
குவியலுக்குள் கம்பியைச் செருகி இழுத்து
உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள்.
"இன்னும் காய்ச்சல் விடலக்கா" என்பாள்.
சுண்ணாம்பு கூடின வெற்றிலை
நாக்கைப் பொத்துவிடுகிற மாதிரி
இந்தத் தரை வேரைப் பொத்துவிடுமாம்;
நடுவில் ஒரு மெத்தை வேண்டுமாம்.

நான் கணக்கைக் காட்டினேன்.
ஆயிரம் போன இடத்துக்கு ஒன்று வந்திருக்கிறது.
அந்த ஒன்றிலும் முக்கால்வாசி ஈரம், வெயில் குடித்துவிடும்.
இது என் ஆயுசில் நேராகாது,
உன் ஆயுசிலும்.
"குழியைத் தூர்க்கவா வந்தேன்?" என்றாள்.
"மேல ஒரு தோல் விட்டாப் போதும்."

அவள் பட்டியலில் இருந்தவை
உடை, புங்கு, கொழுஞ்சி, ஆவாரை.
முதலில் முளைத்தவை
தக்காளி, பூசணி,
எந்தக் கல்யாணத்திலோ யாரோ துப்பின தர்ப்பூசணி.
கேட்காமலே குப்பைமேனி.
பிடுங்கச் சொல்வாள் என்று பார்த்தேன்.
பட்டியலின் அடியில் பேனாவால் சேர்த்துக்கொண்டாள்.
தக்காளியை மட்டும் யாரும் தின்னவில்லை,
மயில்களைத் தவிர.

மூன்றாவது ஐப்பசி.
இரவெல்லாம் பெய்து விட்ட காலையில்
உச்சிமாகாளி சரக்கைத் தட்டிவிட்டு
வெறும் வண்டியாய் மேடையேறினான்.
அந்த வண்டியின் வெறும் எடை எனக்கு மனப்பாடம்.
ஐயாயிரத்து நானூற்றுப் பத்து.
பெட்டி ஐயாயிரத்து நானூற்று அறுபது என்றது.

"ஏல, கிளீனர உக்காத்தி வச்சிருக்கியா?"
"அவன் லீவுல்லா எக்கா."

இறங்கிப் போனேன்.
டயர் பல்லிடுக்கெல்லாம் கறுப்பு.
விரலால் நோண்டினேன். பிசுபிசுத்தது.
பாயசமில்லை, கேந்தியில்லை, ஒரு நாற்றமுமில்லை.
பாதி அறுந்த மண்புழு ஒன்று
எந்தப் பக்கம் போவதென்று யோசித்துக்கொண்டிருந்தது.

கூண்டுக்குள் வந்து
வெகுநாள் தொடாத 'வெளியே' பக்கத்தைப் புரட்டினேன்.
பொருள்:
கல் இல்லை.
குப்பை என்று எழுதக் கை வரவில்லை.
மண், ஐம்பது கிலோ என்று எழுதினேன்.
எழுதின வேகத்தில் அடித்தேன்.

"ரிவர்ஸ் எடுல. உள்ள போயி
டயரச் சொரண்டிப் போட்டுட்டு வா."
"அம்பது கிலோவுக்கா?"
"ஆமா, அம்பது கிலோவுக்குத்தான்."

சிரித்துக்கொண்டே போனான்.
திரும்பி வந்தபோது
இருபது கிலோ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.
அதை விட்டுவிட்டேன்.
ரோட்டோரமும் கல்லாய்த்தான் கிடக்கிறது.